நாலு பேருக்கு இடம்

கதவு மூடிக்கொண்டபோது வக்கீல் ரயிலுக்குள் இருந்தாள். அம்மா, அப்பா, தம்பி மூன்று பேரும் வெளியே நின்றார்கள்.

வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் இல்லை. எட்டு வயதுப் பெண் குழந்தை. மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. தூங்கச் சொன்னால் தம்பி மட்டும் ஏன் முழித்திருக்கிறான் என்பாள். பால் குடிக்கச் சொன்னால் நேற்றுத்தானே குடித்தேன் என்பாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் யாரும் இல்லை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அவளுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. இடம் பிடிப்பது. பஸ்ஸோ ரயிலோ, பெரியவர்கள் படியில் கால் வைப்பதற்குள் அவள் நாலு பேர் இடுப்புக்கு நடுவில் புகுந்து உள்ளே போய்விடுவாள். ஒரு வரிசையின் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் மஞ்சள் பை, அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டில், அதற்கும் அடுத்து தம்பியின் தொப்பி என்று பரப்பிவிடுவாள். "யாராவது வர்றாங்களா பாப்பா?" என்று கேட்டால், "எங்க வீட்ல நாலு பேரு" என்பாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு யாருக்கும் உட்கார மனம் வராது. பெற்றோருக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். குழந்தையை ஆளில்லாமல் முன்னால் அனுப்புகிறோமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. விடுமுறைக்குப் பெரிய நகரத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். காலையிலிருந்து மீன் காட்சியகத்தில் கண்ணாடி கண்ணாடியாக நின்று பார்த்து, கால் கெஞ்ச ஆரம்பித்திருந்தது. ரயில் அந்த ஸ்டேஷனில்தான் புறப்படும் என்பதால் காலியாக வந்து நின்றது. பிளாட்பாரத்தில் எள் விழ இடமில்லை.

"ஓடு, போய் இடம் பிடி!" என்று குழந்தையின் முதுகைத் தட்டி அனுப்பியவள் அம்மாதான்.

அம்மா ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். வீட்டிலும் கணவன் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வயதுப் பொடியனைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தான். ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் வண்டியின் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. வேறொரு மனிதனாக இருந்தால் ஒரே இழுப்பாக இழுத்திருப்பான். இவன் குனிந்து, எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தான்.

"இழுங்க!"

"இரு. இழுத்தா வளைஞ்சிடும்."

"வளையட்டும், இழுங்கன்னா!"

மணி அடித்தது. பின்னால் வந்தவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து ஏறினார்கள். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் தள்ளுவண்டியைப் பிளாட்பாரத்தின் பக்கமாகவே இழுத்துவிட்டார். சக்கரம் விடுபட்டது. கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியாக நர்ஸம்மாவுக்கு மகள் நன்றாகவே தெரிந்தாள். எதிர்வரிசையில் பை, பாட்டில், தொப்பி எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வெளியே நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறியது. நர்ஸம்மா கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். பிறகு கையை ரயில் போகிற திசையில் நீட்டி, விரலைக் கீழே காட்டினாள். அடுத்த ஸ்டேஷன், இறங்கு. அடுத்த ஸ்டேஷன், இறங்கு. வக்கீல் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாள். மறுபடி அம்மா கையைப் பார்த்தாள். ரயில் நகர்ந்தது.

குழந்தை எதைப் பார்த்தாள் என்பது ரயில் போன பிறகுதான் நர்ஸம்மாவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் மெக்கானிக் இன்னும் கையை நீட்டியபடி நின்றான். உள்ளங்கை கீழ் நோக்கி, காற்றை அமுக்குகிற மாதிரி. உட்காரு, அசையாதே.

"என்ன காட்டினீங்க?" என்றாள்.

"உட்காரச் சொன்னேன்."

"நான் இறங்கச் சொன்னேங்க!"

"நீ ஏன் இறங்கச் சொன்னே?"



இது இன்று நேற்று வந்த தகராறு இல்லை. மெக்கானிக்குக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், ஆள் வருவார்கள். கதவைப் பிளந்து குதிக்கிறவன்தான் காலை உடைத்துக்கொள்வான். நர்ஸம்மா அந்தக் காலுக்குக் கட்டுப் போடுகிறவள். ஆனாலும் அவள் கண்ட பாடம் வேறு. புகை சூழ்ந்த அறையில், யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தவர்களை அவள் ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறாள். முதலில் அங்கிருந்து வெளியே வா, வெளிச்சத்தில் நில், பிறகு மற்றதைப் பேசலாம் என்பது அவள் கட்சி.

குழந்தை தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. "ரயில்ல மாட்டிக்கிட்டா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, கடிகாரத்துக்குக் கீழ நில்லு" என்பாள் இவள். "எழுந்திருக்கவே கூடாது, கடைசி வரைக்கும் உட்கார்ந்திரு, நான் வந்துடுவேன்" என்பான் அவன். இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்பார்கள். பேச்சு ரயிலை விட்டு இறங்கி, அவன் அம்மா வீட்டுக்குப் போய், இவள் அண்ணன் கல்யாணத்துக்குப் போய், எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தட்டு கழுவுகிற இடத்தில் முடியும். நடுவில் ஒருவர் எழுந்து போய்விடுவதும் உண்டு. கதவு சாத்துகிற சத்தத்தில் பொடியன் அழுவான். அப்போதெல்லாம் வக்கீல் கையைத் தூக்கித் தீர்ப்புச் சொல்வாள். "ரெண்டு பேரும் சரி. வழக்கு முடிஞ்சுது." இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். எவ்வளவு சமர்த்து பாரு என்று சொல்லிக்கொள்வார்கள்.

அடுத்த ரயில் வந்தது. வண்டியைத் தூக்கிக்கொண்டே ஏறினார்கள். உள்ளே நிற்கத்தான் இடம் இருந்தது.

"அவ இறங்கியிருப்பா. அங்கதான் நிப்பா" என்றாள் நர்ஸம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. சுற்றிலும் ஆட்கள். குரலைத் தூக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"இறங்கியிருக்க மாட்டா. நான் சொன்னா கேட்பா."

"எப்பவும் நீங்க சொல்றதைத்தான் கேட்கணுமா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"நீங்க ஒழுங்கா வண்டியை இழுத்திருந்தா எதுவுமே வந்திருக்காது."

"அவளை ஓடச் சொன்னது யாரு?"

பொடியன் தொப்பி எங்கே என்று தலையைத் தடவிப் பார்த்துச் சிணுங்கினான்.

அடுத்த ஸ்டேஷன் பெரியது. ஏறுகிறவர்கள் அதிகம் என்பதால் கதவு கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கும். பிளாட்பாரத்தின் நடுவில் இரண்டு முகமுள்ள வட்டக் கடிகாரம் தொங்கியது. ஜன்னல் வழியாகவே நர்ஸம்மா அதன் கீழே பார்த்தாள். ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டு நின்றார். வேறு யாரும் இல்லை.

"நீ இங்க பாரு. நான் கடைசி வரைக்கும் போய்ப் பார்க்கிறேன்" என்றான் மெக்கானிக். அவள் குதித்து இறங்கினாள். கதவு மூடியது. அவனும் பொடியனும் போய்விட்டார்கள். நாலு பேராகக் கிளம்பிய குடும்பம் மூன்று துண்டாகிவிட்டது.

பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினாள். தூண்களுக்குப் பின்னால் பார்த்தாள். கழிவறைக்குள் போய் ஒவ்வொரு கதவையும் தட்டினாள். பெட்டிக்கடைக்காரனிடம் கேட்டாள். பேப்பர் கிழவரிடம் கேட்டாள். மஞ்சள் பை, முன்பல் இல்லை, இவ்வளவு உயரம்.

கணவனுக்காவது போன் செய்வோம் என்று அழுத்தினாள். அவள் தோளில் தொங்கிய பையே ஒலித்தது. மீன் காட்சியகத்தில், "இதை வச்சுக்கோ, நான் இவனைத் தூக்கணும்" என்று அவன் கொடுத்த போன், பொடியனின் மாற்றுத் துணிகளுக்கு நடுவில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அவள் பெயர் இல்லை. 'நீதிபதி' என்று வந்தது. அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. போனைத் தண்டவாளத்தில் வீசிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

காவலுக்கு இருந்த பெண் அவளைக் கவனித்து அருகில் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "பதறாதீங்க அக்கா. மேல கேமரா ரூம் இருக்கு, வாங்க பார்த்துடலாம்" என்று கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனாள்.

சின்ன அறை. வரிசையாகத் திரைகள். உட்கார்ந்திருந்தவன் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுப் படத்தைப் பின்னால் ஓட்டினான். ஆட்கள் முதுகுப்பக்கமாக நடந்தார்கள். ரயில் பின்பக்கமாக வந்து நின்றது. "இதுவா?" என்றான்.

இதுதான். மஞ்சள் பை ரயிலிலிருந்து இறங்கியது. பாட்டிலையும் தொப்பியையும் மார்போடு அணைத்தபடி வக்கீல் நேராகக் கடிகாரத்துக்குக் கீழே போய், பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றாள். நர்ஸம்மாவுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் பேச்சைக் கேட்டாளே, என் தங்கம், என்று நினைத்தாள். அந்த நிலைமையிலும் கொஞ்சம் ஜெயித்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமே.

திரையில் குழந்தை கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு திரும்பி, திறந்து கிடந்த ரயிலைப் பார்த்தாள். ஒரு காலை முன்னால் வைத்தாள். பின்னால் இழுத்தாள். கதவு மூடப்போகிற விளக்கு மினுக்கியதும் ஒரே ஓட்டமாக ஓடி உள்ளே புகுந்துவிட்டாள்.

"மறுபடி ஏறிடுச்சு" என்றான் திரைக்காரன். "இறங்கின புள்ளை ஏன் ஏறணும்?"

"யாராவது கூப்பிட்டாங்களா? யாரையாவது பார்த்தாளா?"

திரும்ப ஓட்டினான். யாரும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் ஓடினாள். நர்ஸம்மா திரையை மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாள். காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. ஏதோ ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அப்பா பேச்சைக் கேட்க ஓடியிருக்கிறாள், அவ்வளவுதான். அவன் நீட்டிய கை ஜெயித்துவிட்டது. அப்படியானால் கடைசி ஸ்டேஷனில்தான் இருப்பாள். இந்நேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"கடைசி ஸ்டேஷனுக்குக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். காவல்காரப் பெண் இடுப்பிலிருந்த கருவியை எடுத்துக் கேட்டாள். கரகரவென்று பதில் வந்தது. குழந்தை எதுவும் தனியாக இல்லை. தள்ளுவண்டியோடு ஒரு ஆள் வந்து கத்திக்கொண்டிருந்தார். இப்போது அவரையும் காணோம்.

"காணோம்னா?"

"தெரியலை அக்கா. நீங்க இங்கயே இருங்க. எல்லா ஸ்டேஷனுக்கும் சொல்லியாச்சு."

இருக்க முடியவில்லை. கடிகாரத்துக்குக் கீழே நில், நகராதே என்று மகளுக்கு ஊட்டி ஊட்டி வளர்த்தவள், அடுத்து வந்த ரயிலில் ஏறிவிட்டாள். வாசல் கம்பியைப் பிடித்து நின்றாள். உட்காரச் சொல்லி யாரோ எழுந்தார்கள், அது காதில் விழவில்லை. ரயில் சுரங்கத்தை விட்டு மேலே ஏறி வீடுகளின் மொட்டை மாடிகளுக்கு நடுவே ஓடியது. கொடியில் துணிகள். ஒரு ஜன்னலில் யாரோ ஒருத்தி குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். உலகத்தில் எல்லார் குழந்தையும் அவரவர் வீட்டில் இருந்தது. எதிரே ஒரு ரயில் படபடவென்று கடந்து போயிற்று. முகங்கள் கோடாக ஓடின. ஒரு முகமும் பிடிபடவில்லை.

கடைசி ஸ்டேஷனில் வயதான காவல்காரர் ஒருவர் இருந்தார். வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். "அண்ணே, தள்ளுவண்டியோட ஒருத்தர்..." என்று ஆரம்பித்ததுமே எழுந்துவிட்டார்.

"நீங்கதான் அந்த நர்ஸம்மாவா? இப்பத்தாம்மா திரும்பிப் போனாரு. நான் எவ்வளவோ சொன்னேன், இங்கயே இருங்க சார், பாப்பா வரும்னு. கேட்கலை. அவ அம்மா பேச்சைத் தட்ட மாட்டா, இறங்கித்தான் நிப்பா, நான்தான் முட்டாள்தனமா உட்காரச் சொல்லிட்டேன்னு அழுதுக்கிட்டே ஏறிட்டாரு."

நர்ஸம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் அவன் கட்சிக்கு மாறி இங்கே வந்திருக்கிறாள். அவன் அவள் கட்சிக்கு மாறி அங்கே போயிருக்கிறான். சற்று முன்னால் கடந்து போன ரயிலில்தான் அவன் இருந்திருப்பான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தது இன்று ஒரு நாள்தான். அதுவும் ஒரே நேரத்தில். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாப்பா வந்த ரயில் எங்கண்ணே போகும்?"

"இங்க வந்தா கொஞ்ச நேரம் நிக்கும். அப்படியே திரும்பிப் போயிடும். இறங்காம உட்கார்ந்திருந்தா அதுவும் சேர்ந்து திரும்பியிருக்கும்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இறங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். திரும்பி வரும் வழியில் அந்தக் கடிகாரத்தைக் கடந்திருப்பாள். காலுக்குக் கீழே தரை அதிர்ந்ததே, அந்த ரயிலாகவே இருக்கலாம். ஜன்னலில் மூக்கை வைத்துக் கடிகாரத்துக்குக் கீழே அம்மாவைத் தேடியிருப்பாள். அம்மா மாடியில் அவளுடைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு ரயில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. நர்ஸம்மா ஓடினாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். திரும்பிப் போனால் அவன் மறுபடி இங்கே கிளம்பி வருவான். குழந்தை எங்கே வந்தாலும் அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒருவராவது ஒரு இடத்தில் இருந்து தொலைக்க வேண்டும்.

காலை வெளியே எடுத்தாள். ரயில் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

உட்காருவது அவளுக்கு வராத வேலை. வார்டில் பகல் முழுக்க ஓடுகிறவள். யாராவது மூச்சுத் திணறினால் ஓடலாம், கையில் ஊசி இருக்கும், செய்ய ஏதாவது இருக்கும். இங்கே பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எப்படித்தான் இருக்கிறார்களோ என்று நினைத்தாள். கதவைப் பிளந்து குதிக்கிறவனை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்குப் புரிந்தது. இங்கே இருக்க முடியாமல் ஏறிப்போன கணவனையும் புரிந்தது. ஒவ்வொரு ரயில் வரும்போதும் பாதி எழுந்து, கடைசி ஆள் இறங்கும் வரை பார்த்து, மறுபடி உட்கார்ந்தாள்.

காவல்காரரின் கருவி கரகரத்தது. அவர் காதோடு வைத்துக் கேட்டார்.

"மஞ்சள் பை பாப்பாவைப் பார்த்துட்டாங்கம்மா! அந்தப் பக்கம், முதல் ஸ்டேஷன்ல. ரயில்லயே உட்கார்ந்திருக்காம்."

"இறக்கிட்டாங்களா?"

"கூப்பிட்டா வர மாட்டேங்குதாம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, எங்க வீட்ல நாலு பேரு வருவாங்க, இது அவங்க சீட்டுன்னு சொல்லுதாம். அதுக்குள்ள வண்டி எடுத்துட்டாங்க."

"வர மாட்டா அண்ணே. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம்." அவளும் அவனும் சண்டையில்லாமல் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். "அந்த ரயில் இங்க வருமா?"

"வரும், வரும். உட்காருங்க."

உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. அதற்குள் கருவி மறுபடி கரகரத்தது. இந்தத் தடவை காவல்காரரின் முகம் சரியில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "என்ன? யாரு? சரியா கேட்கலை" என்றார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லை."

"சொல்லுங்கண்ணே!"

"நடுவுல ஏறின யாரோ ஒரு ஆளு பாப்பா பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டிருக்காராம். ரயில்ல வந்த யாரோ சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல விட்டுப்போச்சு."

அவசரப் பிரிவில் வேலை செய்கிறவளுக்குக் கற்பனை தேவையில்லை. பார்த்ததே போதும். நர்ஸம்மா எழுந்து பிளாட்பாரத்தின் விளிம்புக்குப் போனாள். மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள் என்று காவல்காரர் கையைப் பிடித்தார். தண்டவாளம் வெறிச்சென்று கிடந்தது. யாராக இருக்கும்? என்ன பேசுகிறான்? நடுவில் எங்காவது இறக்கிக் கூட்டிப்போய்விட்டால்? வேண்டாத தெய்வம் இல்லை. அந்த நிமிஷம் யாராவது வந்து, உன் கட்சி தப்பு, அவன் கட்சிதான் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடு, குழந்தையைத் தருகிறோம் என்றிருந்தால், பத்து விரலையும் மையில் தோய்த்து வைத்திருப்பாள்.

ரயில் தூரத்தில் வளைவு திரும்பியது.

பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் மெதுவாகப் போயின. முதல் பெட்டி இல்லை. இரண்டாவது இல்லை. அவள் ரயிலோடு சேர்ந்து நடந்தாள், பிறகு ஓடினாள். மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் ஒரு தள்ளுவண்டியின் கைப்பிடி தெரிந்தது.

கதவு திறந்தது. எதிர்வரிசையில் வக்கீல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் மெக்கானிக். அழுது சிவந்த கண். அவன் மடியில் பொடியன், தலையில் தொப்பி. வக்கீலுக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் தண்ணீர் பாட்டில் நிமிர்ந்து நின்றது.

"அம்மா, சீக்கிரம் வா!" என்றாள் வக்கீல். "யாராவது உட்கார்ந்துடப் போறாங்க."

நர்ஸம்மா உள்ளே போனாள். பாட்டிலை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் அடிக்கத்தான் கை ஓங்கினாள். அந்தக் கை அப்படியே குழந்தையின் தலையைச் சுற்றி இழுத்து மார்போடு நசுக்கியது. வியர்வையும் பென்சிலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் நிற்காமல் கொட்டியது.

"கடிகாரத்துக்குக் கீழ நின்னுட்டிருந்தேன்" என்றான் மெக்கானிக், குரல் உடைந்து. "இவ ஜன்னலைத் தட்டினா. ஏறிட்டேன். நீ இங்க வந்திருப்பேன்னு அந்தக் காவல்காரப் பொண்ணு சொல்லுச்சு. எங்க நீயும் கிளம்பிடுவியோன்னு..."

"கிளம்பலை. உட்கார்ந்துதான் இருந்தேன்" என்றாள் அவள். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான்.

காவல்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் யாரென்று தெரிந்ததும் தலையிலடித்துக்கொண்டு, கருவியில் ஏதோ சொல்லியபடி போய்விட்டார்.

"ஏண்டி தங்கம்," என்றாள் நர்ஸம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்த ஸ்டேஷன்ல இறங்கித்தானே நின்னே? நான் பார்த்தேன். அப்புறம் ஏன் ஓடிப்போய் ஏறினே? அப்பா சொன்னதுதான் சரின்னு தோணுச்சா?"

வக்கீல் தன்னை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வழக்கு பேசும்போது உட்காருகிற மாதிரி.

"இல்லம்மா. நீ இறங்கச் சொன்னே, இறங்கினேன். கடிகாரத்துக்குக் கீழயும் நின்னேன். அப்பா உட்காரச் சொன்னாரு. அதனால போய் உட்கார்ந்தேன். ரெண்டு பேர் சொன்னதையும் செஞ்சிட்டேன்."

மெக்கானிக் பொடியனின் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"ஒண்ணை மட்டும் செஞ்சா, பார்த்தியா நான் சொன்னதுதான் சரின்னு ஒருத்தர் சொல்வீங்க. அப்புறம் இன்னொருத்தர் எழுந்து போயிடுவீங்க." விரலால் பாட்டில் மூடியைச் சுரண்டினாள். "திரும்பி வரும்போது கடிகாரத்துக்குக் கீழ பார்த்தேன், நீ இல்ல. கடைசி ஸ்டேஷன்லயும் அப்பா வரலை. ரெண்டையும் செஞ்சும் ரெண்டு பேருமே வரலை. அதான் சீட்டை மட்டும் விடாம வச்சிருந்தேன்."

மெக்கானிக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"இப்ப சண்டை இல்லைல்ல?" என்றாள் வக்கீல். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதற்காகக் கையைத் தூக்கினாள். "ரெண்டு பேரும் சரி. வழக்கு..."

நர்ஸம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இத்தனை நாளும் அதைக் கேட்டுத்தான் சிரித்திருக்கிறார்கள்.

"இல்லடி. நாங்க ரெண்டு பேருமே தப்பு" என்றாள். "இனிமே நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம்."

வக்கீல் அப்பாவைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அவன் எதிர்த்துப் பேசுவான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் பேசவில்லை.

ரயிலிலும் பிளாட்பாரத்திலும் அவ்வளவு நேரம் தனியாக இருந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத குழந்தை, அப்போதுதான் வாய் கோணி, விழுந்த பல்லின் இடைவெளி தெரிய, ஓவென்று அழ ஆரம்பித்தாள். அக்கா அழுவதைப் பார்த்துப் பொடியனும் அழுதான். மணி அடித்தது, கதவு மூடியது, ரயில் வந்த வழியே திரும்பிக் கிளம்பியது. எங்கே இறங்க வேண்டும் என்று நாலு பேரில் யாரும் கேட்கவில்லை.